பெயர்த்தல்

ஆகஸ்டில் அறுபத்திரண்டு பையன்கள் வந்தார்கள்.
ஒருவனுக்கும் நான் தைக்கவில்லை.
ஹெல்மெட்டில் வெள்ளை டேப்பை ஒட்டி
மார்க்கரால் எண் போட்டால் அப்போதைக்குப் போதும்.
செப்டம்பர் மூன்றாம் வாரம் பயிற்சியாளர் டுவெய்ன்
காபிக் கறையோடு ஒரு தாளை நீட்டினார்.
இருபத்துமூன்று பெயர்.
அதன் பிறகே ஊசியில் நூல் கோத்தேன்.

கார்னெட் லேக், சஸ்காட்செவன்.
காலையும் மாலையும் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறேன்.
இரவில், ஐஸ் அரங்கின் பின்னறையில்,
ஸ்கேட் தீட்டும் சாணைக்குப் பக்கத்தில் என் மெஷின்.
அவர்களின் முகத்தைவிட
முதுகுதான் எனக்குப் பழக்கம்.

ஃப்ரீசன் சகோதரர்கள் இரண்டு பேர்:
முன்னெழுத்து யாருக்கு என்று என் மேசையருகிலேயே கைகலப்பு.
லாட்வியாவிலிருந்து லீபின்ஷ்:
அவன் பெயரில் ஓர் எழுத்துக்குக் கீழே சிறு வால் உண்டாம்,
கடையில் வாங்கிய எழுத்துகளில் வால் இல்லை.
கறுப்பு நூலில் கையால் இழுத்துவிட்டேன்.
மறுநாள் மெஷின்மேல் ஒரு சாக்லேட் இருந்தது.
பதினேழாம் எண் பிகெட்டி, வலது விங்.
அம்மாவும் இரண்டு தங்கைகளும்
வடக்கிலிருந்து ஐந்து மணி நேரம் ஓட்டிவந்து
முதல் பாதியில் பாப்கார்ன், மூன்றாவதில் தூக்கம்.

அக்டோபரில் தொடர்ந்து ஏழு தோல்வி.
நவம்பரில் கோல்காப்பாளனின் முட்டி போயிற்று;
பதிலுக்கு வந்தவனுக்குப் பதினாறு வயது,
தோளில் கால்பந்தாட்டப் பை, பைக்குள் வேதியியல் புத்தகம்.
அவன் நாற்பத்தொரு ஷாட்டைத் தடுத்த இரவு
ஊரே ஹாரன் அடித்துக்கொண்டு போனது,
வெளியே மைனஸ் முப்பத்தாறு,
பாதி வண்டிகளில் ஹாரனும் உறைந்திருந்தது.

ஜனவரி பத்து. மாற்றங்களுக்குக் கடைசி நாள்.
மதியம் இரண்டரைக்கு டுவெய்ன் கதவில் வந்து நின்றார்.
"லாவெர்ன், பதினேழு."
அவ்வளவுதான் சொன்னார்.
பிகெட்டிக்கு மாற்றாக
ஒரு தடுப்பாட்டக்காரன், ஓர் இரண்டாம் சுற்றுத் தேர்வு,
அப்புறம் 'பின்னர் தீர்மானிக்கப்படும்' என்று ஏதோ ஒன்று.
பையன் அப்போது பள்ளியில், கணக்கு வகுப்பில் இருந்தான்.
மூன்று மணிக்கு என் பேருந்தில்தான் ஏறினான்.
எனக்குத் தெரியும். அவனுக்குத் தெரியாது.
பதினொரு நிறுத்தம்.
கண்ணாடியில் ஒருதரம்கூட நான் பின்னால் பார்க்கவில்லை.

இரவு, தையல் பிரிக்கும் கருவியை எடுத்தேன்.
பெயரைப் பெயர்த்தேன்.
துணியில் ஊசி போன வழியெல்லாம் புள்ளி புள்ளியாய் நின்றது,
நீராவி காட்டியும் போகவில்லை.
அதன்மேல்தான் புதியவன் ஸ்டெஃபியூக்கைத் தைத்தேன்.
பெயர் கொஞ்சம் குட்டை;
இரண்டு பக்கமும் பழைய துளைகள் தெரிந்தன.

மார்ச். பிளேஆஃப், மூன்றாம் ஆட்டம்.
இரண்டாம் இடைவேளையில் ரப்பர் விரிப்பில்
ஸ்கேட்டோடு டக் டக்கென்று யாரோ வரும் சத்தம்.
பச்சை ஜெர்ஸி. எதிரணி.
முதுகில் பெயர்ப்பட்டை ஒரு பக்கம் கிழிந்து தொங்கியது.
"எங்க ஆளிடம் ஸ்டேப்ளர்தான் இருக்கு" என்றான் பிகெட்டி.
"கழற்று."
தோள்கவசத்தோடு, தலையில் ஆவி பறக்க நின்றான்.
நாலு தையல் போட்டால் ஆட்டம் முடியும்வரை நின்றிருக்கும்.
ஆனால் அந்தத் தையலைப் பார்த்தேன்:
அகல அகலமாய், வலப்பக்கம் சரிந்து.
முழுவதையும் பிரித்து
நேராக்கித் தைத்தேன்.
கதவோரம் போன டுவெய்ன்
கூரையைப் பார்த்துக்கொண்டே போனார்.

நாலுக்கு ஒன்று என்று தோற்றோம்.
பிகெட்டி கோல் ஒன்றும் போடவில்லை;
சின்ன ஃப்ரீசனைத் தடுக்கிவிட்டு இரண்டு நிமிடம் வெளியே உட்கார்ந்தான்.
தொடரும் அடுத்த ஆட்டத்தோடு முடிந்தது.
ஸ்டெஃபியூக்குக்கு இருபது வயது நிறைந்துவிட்டது,
அண்ணனின் எண்ணெய்க் கிணற்றுக்கு வேலைக்குப் போகிறானாம்.
அந்த ஜெர்ஸியை அப்படியே கொடுத்தனுப்பினேன்.

ஜூனில் டுவெய்ன் கூப்பிட்டார்.
அந்தப் 'பின்னர்' இன்றைக்குத் தீர்மானமாகிவிட்டதாம்.
பதினேழு வயது, இடது கை ஆட்டம், நல்ல உயரம்.
பெயரை எழுத்து எழுத்தாகச் சொன்னார்.
நான் இரண்டு தரம் தப்பாக எழுதினேன்.
"நூல் வாங்கணுமா?" என்றார்.
ஆகஸ்ட் முடியட்டும் என்றேன்.
இழுப்பறையில்
டேப் எங்கே என்று தேடினேன்.